உங்கள் அம்மாவின் இறங்காத எண்

கண்ணுகளா, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். சாயப்பட்டறையில் துணி ரோல் மேல் லாட் நம்பர் எழுதுவதோடு என் எழுத்து முடிந்துவிடும். நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் நான் துண்டால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறேன், நீங்களும் பயந்துபோய் "பரவாயில்லீங்கப்பா" என்று எழுந்து போய்விடுகிறீர்கள். எழுதினால் யாரும் எழுந்து போக முடியாது அல்லவா.

பெரியவளே, முதலில் உன்னிடம் பேசுகிறேன். போன வாரம் உன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று, நீ அரை இட்லியைப் பிட்டுத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீயாகவே சொன்னாய்.

"அப்பா, நான் காலேஜ்ல திருட்டுத்தனமா எதும் திங்கறதில்லீங்கப்பா. சத்தியமா."

உன் தம்பி விடவில்லை. "உன்னைய யாரு கேட்டா? அப்ப போன்ல பப்ஸோட போட்டோ எடுத்தது உன்ற பேயா?" என்றான். நீ டம்ளரில் இருந்த தண்ணீரை அவன்மேல் ஊற்றினாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் மோட்டார் போடுவதற்குப் போவது போல வெளியே போய்விட்டேன். தொட்டி அப்போதுதான் நிரம்பி வழிந்து நின்றிருந்தது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

நீ சொன்னது உன் அம்மா சொன்னது. கிட்டத்தட்ட அதே வார்த்தை, கடைசியில் அதே "சத்தியமா". அவள் நான் கேட்டதனால் சொன்னாள். உனக்கு நான் கேட்காமலேயே வந்துவிட்டது. இந்த வீட்டில் ரத்தத்தில் கொழுப்பு கூடினால் சத்தியம் செய்ய வேண்டும் என்று பழகியிருக்கிறாய். பழக்கியது நான்தான். நடந்ததில் உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் மறைத்துவிட்டேன்.

போன வருஷம் பங்குனியில் அவள் போனாள். அதற்கு முந்தின ஆனியில், அவள் செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது என்றால் கம்பெனியில் இப்படி ஏதாவது நடக்கும். வீட்டுக்காரரையும் கூட்டி வரலாம் என்றார்களாம். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்குமே கொழுப்பு கூட இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூட, அவளுக்கு ரொம்பக் கூட. முகாமுக்கு வந்த டாக்டருக்கு முன்னால் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். "ரெண்டு பேரும் மூணு மாசம் எண்ணெய், தேங்காய், கறி, முட்டையெல்லாம் குறைங்க, நடங்க. மறுபடி ரத்தம் பாத்துட்டு, தேவைன்னா மாத்திரை" என்றார்.

வரும் வழியில் உங்கள் அம்மா சொன்னாள்: "எனக்கு ரத்தத்துல கொழுப்பு. உங்களுக்கு வாய்லயே இருக்குதுங்க. அதுக்கு எந்த டாக்டரைப் பாக்கறது?"

நம் வீட்டுச் சமையல் மாறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சந்தகைக்குத் தேங்காய்ப்பால் நின்றது. அரிசியும் பருப்பும் சோற்றுக்கு நெய் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கறி நின்றபோது நீ, சின்னவனே, தட்டை வைத்து ஒப்பாரி வைத்தாய். கொள்ளுப் பருப்பும் கீரையும் தின்று தின்று "அப்பா, நாம குதிரையா?" என்று கேட்டாய். அவள் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் நம் மண்ணரையிலிருந்து நொய்யல் பாலம் வரைக்கும் நடந்து திரும்புவோம். "இப்படிக் கை வீசிட்டுப் போனா, புதுசா கண்ணாலம் ஆனவங்கன்னு நினைப்பாங்க. கொஞ்சம் தள்ளி வாங்க" என்பாள். தள்ளி வந்தால், "ஏனுங்க, சண்டையா?" என்று கேட்பாள்.

அந்த மூன்று மாதம்தான் நாங்கள் தினமும் சேர்ந்து நடந்தது. இருபது வருஷத்தில் வேறு எப்போதும் இல்லை.

புரட்டாசியில் மறுபடி ரத்தம் கொடுத்தோம். எனக்கு மளமளவென்று இறங்கியிருந்தது. லேப்பில் இருந்த பெண்ணே "சூப்பருங்க அண்ணா" என்றாள். உங்கள் அம்மாவுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. பத்துப் புள்ளிகூட இறங்கவில்லை.

ஒரே அடுப்பு, ஒரே குண்டா, ஒரே நடை. நான் இறங்கிவிட்டேன், அவள் இறங்கவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நான் வாயைக் கட்டினேன், அவள் கட்டவில்லை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய ஆள் நான்தான். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு ரிப்போர்ட்டையும் ஃபிரிட்ஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். பட்டறையில் சாயத்தின் ஷேடு பார்க்கும்போது நல்ல துண்டையும் கெட்ட துண்டையும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். உங்கள் அம்மா வேலை விட்டு வரும்போது அவள் சேலையிலோ முழங்கையிலோ சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வரும். பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், செக்கிங்கில் இருப்பவர்கள் அந்த இடத்தைக் காட்டுவதற்கு ஒட்டுவது. அன்றைக்கும் ஒன்று அவள் தோளில் இருந்தது. நான் அதை உரித்து எடுத்து, அவளுடைய ரிப்போர்ட்டில் கொழுப்பு எண்ணுக்கு நேராக ஒட்டினேன்.

முதலில் அவளும் சிரித்தாள். "நான் ஊருக்கெல்லாம் ஒட்டறேன், எனக்கே ஒட்டிப்போட்டீங்களா? சரி, ஆல்டரேஷனுக்கு அனுப்பிருங்க" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்ததில் தப்பில்லை கண்ணுகளா. அது வேடிக்கை என்றுதான் நான் உங்களுக்குக் காட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை பாலோ மாவோ எடுக்கும்போதும் அவள் அந்த அம்பைத் தாண்டித்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

பிறகு நான் அவளுடைய டிபன் பாக்ஸை மோந்து பார்க்க ஆரம்பித்தேன். அலமாரியில் டப்பாக்களைத் தூக்கிப் பார்த்தேன். இதெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடம், காலேஜ் என்று போன பிறகு. சாயங்காலத்துக் கேள்வி மட்டும் உங்கள் காதில் விழும்படிதான் இருக்கும்.

"கம்பெனில என்ன தின்ன?"

"டீ குடிச்சனுங்க."

"டீயோட?"

"ஒன்னுமில்லீங்க. சத்தியமா."

ஒரு நாள் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுப்பதற்காக அவள் கம்பெனிக்குப் போனேன். காலை டீ நேரம். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். டீ கேனுக்குப் பக்கத்தில் அவளும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். அவள் கையில் வடை இருந்தது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருக்கலாம்.

சாயங்காலம் தெரியாதவன் போலக் கேட்டேன்: "இன்னைக்கு டீயோட என்ன?"

"டீ மட்டுந்தாங்க" என்றாள்.

அன்றைக்கு என் மனதில் அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள். நான் பார்த்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. நம் குடும்பத்துக்கு முருகனை விட்டால் வேறு சாமி கிடையாது. உங்கள் அம்மா வருஷா வருஷம் ஆறு நாளும் விரதம் இருப்பாள், மத்தியானம் ஒரு வேளை சாப்பிடுவாள். அந்த வருஷம் அந்த ஒரு வேளையையும் ஒரு கைப்பிடி ஆக்கிக்கொண்டாள். மற்றபடி தண்ணீரும் வாழைப்பழமும்தான். கம்பெனிக்கும் போனாள். ஆறாம் நாள் கோயிலில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்து படுத்தவள், மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் வெறும் வயிற்றோடு லேப்புக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இந்தத் தடவை எறங்கியிருக்கும் பாருங்க" என்றாள். அவள் கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தாள். உங்களுக்குத் தேங்காய் போட்டுப் பாயசம் வைத்தாள்.

சாயங்காலம் நான்தான் போய் ரிப்போர்ட் வாங்கி வந்தேன். இறங்கவில்லை. முன்பைவிட இரண்டு மூன்று புள்ளி ஏறித்தான் இருந்தது.

அவள் அடுப்படியில் இருந்தாள். நான் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டுச் சொன்னேன்: "ஏம்புள்ள, முருகனையே ஏமாத்திப்போட்டியா?"

அவள் கையில் கரண்டி இருந்தது. அதைக் குண்டாவுக்குள் விட்டுவிட்டு, இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பத் துடைத்தாள். அன்றைக்கு அவள் சத்தியம்கூடச் செய்யவில்லை.

நீங்கள் அப்போது முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். கேட்கவில்லை என்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் நம் தெரு முனை கிளினிக் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று, விடாமல் போடணும் என்றார். சீட்டை நான்தான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள்.

"மாத்திரை வாங்கலீங்களா?"

"எனக்கு மாத்திரையிலயா எறங்குச்சு? இன்னும் கொஞ்ச நாள் வாயைக் கட்டு, பாக்கலாம். மாத்திரை போட்டா உனக்குத் தைரியம் வந்துரும், இன்னும் நல்லாத் திம்ப."

இதைத்தான் நான் உங்களிடம் மறைத்தேன். மாத்திரை எழுதியிருந்தார்கள், நான் வாங்கவில்லை. கையில் காசில்லாமல் இல்லை, கடை தூரமும் இல்லை. அவள் திருந்தட்டும் என்று வாங்கவில்லை. அவளும் சம்பாதித்தவள்தான், அவளே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ஒரு தடவையாவது அந்த எண்ணை இறக்கி என்னிடம் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அதற்குப் பிறகு இன்னும் குறைத்துத்தான் தின்றாள்.

பின்னால் சொல்கிறேன் என்றேனே, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அதே வாரம் பட்டறையில் ஒரு தகராறு. நேவி ப்ளூ துணி, எட்டு ரோல், ஒரே மெஷினில் ஒன்றாக ஓடியது. ஐந்து ரோல் சரியான நிறம், மூன்று ரோல் வெளிறி வந்தது. மேனேஜர் டையிங் மாஸ்டரை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். சாயம் பிடிக்கப் போடும் உப்பைக் குறைத்தாயா, தூங்கினாயா என்று கேட்காத கேள்வி இல்லை. அந்த மாஸ்டர் கை கட்டிக்கொண்டு நின்றார். நான் மூன்று ரோலையும் லைட்டுக்கு அடியில் விரித்து, நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்கிலிருந்து வந்த சீட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அந்த மூன்றுக்கும் நூல் லாட் வேறு. நிட்டிங்கில் கலந்துவிட்டார்கள்.

"மாஸ்டரைத் திட்டாதீங்க சார். ஒரே தண்ணி, ஒரே சாயம், ஒரே உப்பு, ஒரே சூடு. அவரு எந்தத் தப்பும் பண்ணலீங்க. நூல் வேற லாட்டுங்க. அது அவ்வளவுதான் குடிக்கும்."

இது நான் சொன்னது. என் வாயால் சொன்னது. மேனேஜர் தோளில் தட்டினார். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் பெருமையாக முழுக்கதையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் சொன்னாள்: "பரவால்லீங்க. அந்த மாஸ்டர் தப்பிச்சாரு."

மாசியிலிருந்து அவளுக்குத் தாடை வலி. மாடிப்படி ஏறினால் வலிக்கும், உட்கார்ந்தால் போய்விடும். பல்லுக்குத்தான் என்று கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நானும் பல் டாக்டரிடம் போகலாம் என்றேன். அது நெஞ்சிலிருந்து வந்த வலி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பங்குனியில், ஒரு காலை நேரத்தில், செக்கிங் டேபிளில் அடுக்கியிருந்த பனியன் மேல் தலையைச் சாய்த்தவள் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அசதி, கொஞ்சம் கண் அயரட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. அவளுக்கு நாற்பத்தொரு வயது.

கருமாதி அன்று அவளோடு வேலை பார்த்த ஒரு பெண் வந்திருந்தாள், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்பவள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஒன்னு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. கம்பெனில தெனமும் டீயோட ஆளுக்கு ஒரு வடை தருவாவல்லா. அக்கா ஒரு நாளும் அத வாயில வச்சதில்ல. மோந்து பாப்பாவ. அம்புட்டுத்தான். மோந்து பாத்துட்டு, 'வாசனைக்குக் கொழுப்பு ஏறாதுல்ல?'ன்னு கேட்டுட்டு எங்கிட்ட தந்துருவாவ. நாந்தான் ரெண்டு ரெண்டா தின்னு இப்படிக் கெடக்கேன்."

சொல்லிக்கொண்டே சிரித்தாள், பிறகு சிரிப்பு உடைந்துபோய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றதை அவளிடம் சொல்லவில்லை. அவளிடம் மட்டுமில்லை, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் அம்மாவை அன்றைக்குக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா இருந்தார். பெரியவளுக்கு அக்கா மாதிரி இருப்பார், சின்ன வயது. உங்கள் அம்மாவின் இமை ஓரத்தில் மஞ்சளாகக் கடுகு போலப் படர்ந்திருந்ததே, அதைத் தொட்டுப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்திருந்ததையும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் கொழுப்பு தேங்கியதால் வந்ததாம். "இவங்க அப்பா எப்படித் தவறுனாங்க?" என்று கேட்டார். உங்கள் அப்புச்சி சாமளாபுரத்தில், இரண்டு தறிக்கு நடுவில் நின்றபடியே விழுந்தவர். அவருக்கும் நாற்பது சொச்சம்தான். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். மாலை போட்டவர், வாழ்நாளில் கறி தொடாதவர். டாக்டர் அம்மா கேட்டுக்கொண்டு, "பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாக்கணும்" என்றார்.

நான் ஒரு வருஷம் உங்களைக் கூட்டிப்போகவில்லை. பயம். நடுவில் ஒரு தடவை சாமளாபுரம் போனபோது அம்மாயி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அப்புச்சி படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். கலர் படம். இமை ஓரத்தில் அதே மஞ்சள். அந்த மஞ்சள் இருந்தால் யோகம் என்று அம்மாயி எத்தனை தடவை சொல்லியிருப்பார். அதற்குப் பிறகும் எனக்கு ஒரு மாதம் ஆனது.

இப்போது போன வாரம் நடந்தது. உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சின்னவனுக்கு ஒன்றுமில்லை. பெரியவளுக்கு அம்மாவுடையது வந்திருக்கிறது. எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

"ரத்தத்துல இருக்கற கொழுப்புல, சாப்பாட்டுல இருந்து வர்றது கொஞ்சந்தாங்க. நிறைய நம்ம உடம்பே செஞ்சுக்குது. கூடிப்போனதை ரத்தத்துல இருந்து எடுக்கற வேலை ஈரலோடது. சிலருக்கு அந்த வேலை பிறவியிலயே மெதுவாத்தான் நடக்கும். அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது. அவங்க பட்டினி கிடந்தாலும் கொஞ்சந்தான் எறங்கும். மாத்திரை வேணும்."

"எனக்கு எறங்குச்சுங்களே? ஒரே சாப்பாடுதானுங்க ரெண்டு பேருக்கும்."

"உங்க உடம்பு சாப்பாட்டை மாத்துனா கேக்கற உடம்பு. எல்லாத்துக்கும் அப்படிக் கேக்காதுங்க. இந்த வியாதி இல்லாதவங்கள்லயே ஒருத்தருக்கு நிறைய எறங்கும், ஒருத்தருக்குக் கொஞ்சமா எறங்கும்."

"அப்ப நான் வாயைக் கட்டுனதுல எறங்கலீங்களா?"

"கட்டுனீங்க, எறங்குச்சு. அவங்களும் கட்டுனாங்க, எறங்கல. அவ்வளவுதாங்க."

அப்போது நான் மாத்திரைச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும். போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். "அந்த அஞ்சு மாசத்துல மாத்திரை காப்பாத்தியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். காப்பாத்தியிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். சும்மா ஆறுதல் சொல்லாததற்காக அவரைக் கும்பிடத் தோன்றியது.

பெரியவளே, இனிமேல் உன் தட்டை நான் எட்டிப் பார்க்க மாட்டேன். எண்ணெயும் நெய்யும் அளவாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார், அது உன் தம்பிக்கும் எனக்கும் சேர்த்துத்தான். மற்றபடி வயிறு நிறையச் சாப்பிடு. மாத்திரையை ஒரு நாளும் விடாதே. உனக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது முதலில் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டுமாம், அந்தச் சமயத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களாம். அதற்கு நான் இருப்பேனோ என்னவோ, அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். உனக்குப் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டில் இதை மறைக்க மாட்டேன். வேண்டாம் என்று போகிறவர்கள் போகட்டும்.

அடுத்த தடவை ரிப்போர்ட் வரும்போது அந்த எண் எப்படி இருந்தாலும், யாரிடமும் சத்தியம் செய்யாதே. என்னிடம் முக்கியமாகச் செய்யாதே.

சின்னவனே, உனக்கு என் ரத்தம் வந்திருக்கிறது. அதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. இதற்கு மேல் உனக்கு எழுதத் தெரியவில்லை.

டாக்டர் அம்மா இன்னொன்றும் கேட்டிருந்தார். அம்மாவின் பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டுவரச் சொன்னார், பெரியவளின் ஃபைலில் வைப்பதற்கு. நேற்று மத்தியானம் நீங்கள் இரண்டு பேரும் அத்தை வீட்டுக்குப் போன பிறகு தேடினேன். கேஸ் புத்தகத்தோடும் ரேஷன் கார்டோடும் ஒரே கவரில் இருந்தது. துக்க வீட்டைக் கழுவிவிட்டபோது யாரோ ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். சிவப்பு அம்பு அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது.

அதோடு கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. நகத்தால் கிளப்பினேன். ஓரத்தில் காகிதம் தோலாக உரிந்து வந்தது. இன்னும் இழுத்தால் எண்ணும் சேர்ந்து கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். கையில் ஸ்டிக்கர் பசை பிடித்துக்கொண்டால் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுக்கலாம் என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக்குக் கீழே தலைக்கு வைக்கும் எண்ணெய் இருந்தது. பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு அம்பின்மேல் வைத்து, ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தேன். அம்பு நகர்ந்தது. எடுத்துவிட்டேன். காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி போல ஆகிவிட்டது. அதன் நடுவில் அவளுடைய எண் நன்றாகத் தெரிந்தது. வெயிலில் வைத்தால் பறந்துவிடும் என்று தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளரை வைத்து, காயும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.